இன்குபேட்டருக்கு மாலை போட்ட வருஷம்

போன வாரம் எங்கள் பழைய லேபின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. வெள்ளை நிறத்தில் ஓர் இயந்திரக் கை. அதைச் சுற்றி என்னோடு வேலை பார்த்த பெண்கள் எல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். "ஜெசிந்தாக்கா, உங்க எடத்துக்கு ஆள் வந்தாச்சு. டீ பிரேக் கேக்காது, கோவப்படாது" என்று ஒருத்தி எழுதியிருந்தாள். சிரித்துவிட்டுச் சும்மா இருந்திருப்பேன். அதற்குக் கீழே இன்னொருத்தி கேட்டிருந்த கேள்விதான் என்னைப் பிடித்து உட்கார வைத்தது. "ஆயுத பூஜைக்கு இத ஆஃப் பண்ணிட்டு மாலை போடலாமாக்கா?"

அடிப்பாவிகளா! மாலை போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆஃப் பண்ணுவதாம்! "கூடாது" என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டால் "ஏன்?" என்று வரும். அதனால் விவரமாகவே எழுதிவிடுகிறேன். நீளமாக இருக்கிறது என்று யாராவது முணுமுணுத்தால் குழுவை விட்டே போய்விடுவேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

நான் மண்ணூர்க்காரி. லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்துவிட்டு ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் பல வருஷம் ஊர்க்காரர்களின் கையில் ஊசி குத்திக்கொண்டிருந்தேன். வல்லம் வடகாலில் ஒரு மருந்துக் கம்பெனி வந்தபோது அவர்களுடைய ஆராய்ச்சிப் பிரிவில் செல் வளர்க்க ஆள் எடுத்தார்கள். போய் நின்றேன், எடுத்துக்கொண்டார்கள். செல் என்றால் போன் என்று எங்கள் தெருவில் பாதிப் பேர் கடைசிவரை நம்பினார்கள். நானும் திருத்தவில்லை. முதல் சில மாதம் நான் வளர்த்தது செல்லே இல்லை, வெறும் பூஞ்சைதான். தட்டைத் திறந்தால் உள்ளே ஊறுகாய் மேல் பூத்தது போல் வெள்ளையாகப் பூத்திருக்கும். அப்புறம் கை பழகிவிட்டது. பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொன்னால் என் மானம் போகும்.

நாங்கள் வளர்த்தது புரோஸ்டேட் புற்றுநோய் செல்கள். எங்கேயோ எந்தக் காலத்திலோ ஒரு நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்தவை. அந்த மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய செல்கள் மட்டும் உலகத்தில் உள்ள லேபில் எல்லாம் பெருகிக்கொண்டே இருக்கின்றன. பிளாஸ்டிக் தட்டில் மீடியா என்கிற சிவப்பான ஒரு சத்துத் திரவம் ஊற்றி, அதில் அவற்றை விட்டு, இன்குபேட்டர் என்கிற இரும்புப் பெட்டிக்குள் மனித உடம்பின் சூட்டிலேயே வைத்திருக்க வேண்டும். திரவத்தை ஒன்றுவிட்டு ஒரு நாள் மாற்ற வேண்டும். தீபாவளியோ கிறிஸ்துமஸோ அவற்றுக்குத் தெரியாது. இந்த வேலையில் இருக்கிறவர்கள் செல் என்று சொல்ல மாட்டார்கள், புள்ளைங்க என்றுதான் சொல்வார்கள். திரவம் மாற்றுவதற்குப் பெயர் சோறு போடுவது.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனி பஸ் கிடையாது, ஷேர் ஆட்டோவில்தான் போவேன். கூட வருகிற ஓர் அம்மாள் ஒருநாள் கேட்டாள். "இன்னா சிஸ்டர், லீவு நாள்லகூட எங்க போற?"

"புள்ளைங்களுக்கு சோறு போடணும்மா. நான் போவலனா செத்துடுங்க."

"ஐயையோ, எத்தினி புள்ளைங்க?"

"அது இருக்கும், கோடிக்கணக்குல."

கோடி என்றது ஆட்டோ சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மூட்டை பழைய துணியும் இரண்டு பாக்கெட் பிஸ்கட்டும் கொண்டுவந்து மடியில் வைத்துவிட்டாள். அநாதை இல்லம் நடத்துகிறேன் என்று நினைத்திருக்கிறாள் பாவம். விளக்கிச் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் நான் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது. துணியை மாதா கோயிலில் கொடுத்துவிட்டேன். பிஸ்கட்டை லேபில் தின்றுவிட்டோம்.

எங்கள் மேலதிகாரி டாக்டர் தேவசகாயம். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, படித்துப் பட்டம் வாங்கிய டாக்டர். சி.எஸ்.ஐ. சபைக்காரர். ஒல்லியான உருவம், முழுக்கைச் சட்டை. லேபுக்குள் நுழையும் முன் வாட்சைக் கழற்றுவார், மோதிரத்தைக் கழற்றுவார், இரண்டையும் கைக்குட்டையில் முடிந்து பாக்கெட்டில் போட்டுக்கொள்வார். வேலை முடிந்ததும் அந்த முடிச்சை அவிழ்க்கப் படும் பாட்டைப் பார்க்க வேண்டும். அவருடைய கோபத்தில் மூன்று படி உண்டு. முதல் படி "பரவால்ல". இரண்டாவது "பரவால்லம்மா". மூன்றாவது இங்கிலீஷ். இங்கிலீஷில் ஆரம்பித்துவிட்டால் குளிர் அறைக்குள் போய் ஏதாவது தேடுவதுபோல் நின்றுகொள்வது உத்தமம். நாம் சொல்வதை அவர் நம்பவில்லை என்றால் ஒரே ஒரு வார்த்தைதான் வரும். "அப்படியா." கேள்வி மாதிரி இருக்காது. கதவைச் சாத்துவது மாதிரி இருக்கும்.

செல் செத்துவிட்டது என்று அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. "தேறலை" என்பார். நல்ல மனுஷர். இதை இப்போதே சொல்லி வைக்கிறேன், பின்னால் அவர் மேல் எனக்கு ஆத்திரம் வரப்போகிறது.

இனி வேலைக்கு வருவோம். புரோஸ்டேட் புற்றுநோய் முற்றியவர்களுக்கு டோசிடாக்செல் என்று ஒரு மருந்தை ரத்தக் குழாயில் ஏற்றுவார்கள். செல் இரண்டாகப் பிரியும்போது உள்ளே நூல் நூலாக இழுத்துக் கட்டிக்கொண்டு, வேலை முடிந்ததும் அந்த நூலை அவிழ்த்துவிடும். இந்த மருந்து அவிழ்க்க விடாது. பாதிப் பிரிவில் செல் மாட்டிக்கொண்டு முழிக்கும். முழிக்கிற நேரத்தில் அதன் உள்ளே இருக்கிற ஆயிரக்கணக்கான ஜீன்களில் சில வாயை மூடிக்கொள்ளும், சில கத்த ஆரம்பிக்கும். பிரிவதற்கு உதவுகிற ஜீன்கள் அடங்கும். "நிறுத்து, நிறுத்து" என்கிற ஜீன்கள் எழும்பும். எது அடங்கியது, எது எழும்பியது என்று பார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு.

எங்கள் கம்பெனி அதே மருந்தைச் சொந்தமாகத் தயாரித்திருந்தது. முதலில் கண்டுபிடித்தவர்களின் மருந்து எந்தெந்த ஜீனைத் தொடுகிறதோ, எங்கள் மருந்தும் அதையே அதே அளவு தொடுகிறதா என்று வெளிநாட்டில் வாங்க இருந்த வாடிக்கையாளர் கேட்டிருந்தார். முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படிக்க வேண்டாம். இரண்டும் ஒரே மருந்துதான். கடைசியில் அப்படித்தான் வந்தது. ஆனால் நான் சொல்ல வந்தது மருந்தின் கதை இல்லை, இசக்கியின் கதை.

இசக்கியம்மாள் சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். எம்.எஸ்ஸி. பயோடெக்னாலஜி. கான்ட்ராக்டில் சேர்ந்தவள். ஒரகடத்தில் ஓர் அறையில் கார் கம்பெனிப் பெண்களோடு தங்கியிருந்தாள். அவர்கள் ஷிப்ட் மாறிமாறிப் போவதால் இவளுக்கு ஒரு பாய் எப்போதும் காலியாகக் கிடைக்கும் என்பாள். முதல் நாள் என்னை "ஆன்ட்டி" என்று கூப்பிட்டாள். ஒரு பார்வை பார்த்தேன். அன்றிலிருந்து அக்கா.

அந்தப் பெண்ணின் கையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜீன் பேசுவதைக் கேட்க வேண்டும் என்றால் செல்லை உடைத்து ஆர்.என்.ஏ. என்கிற பொருளைப் பிரித்தெடுக்க வேண்டும். அதைப்போல் நோஞ்சான் பொருள் உலகத்தில் கிடையாது. நம் விரல் பட்டால் கெடும், வியர்வை பட்டால் கெடும், மேலே குனிந்து பேசினால் எச்சில் தெறித்துக் கெடும். எல்லாம் ஐஸ் மேல் வைத்துத்தான் செய்ய வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. எனக்கு அதுதான் கஷ்டம். மூக்கைப் பிடுங்குகிற ஒரு மருந்தை ஊற்றிச் சுழற்றினால் குழாயில் மூன்று அடுக்காகப் பிரியும். கீழே ரோஸ், நடுவில் வெள்ளையாக மெல்லிய ஓர் ஏடு, மேலே தண்ணீர் மாதிரி தெளிவு. மேல் தெளிவை மட்டும் பிப்பெட்டால் உறிஞ்ச வேண்டும். நடு ஏட்டைத் தொட்டுவிட்டால் அந்தக் குழாயோடு அன்றைய பாடு போச்சு. நான் பயந்துபோய்க் கால்வாசித் தெளிவை விட்டுவிடுவேன். இசக்கி ஏட்டுக்கு மேல் மயிரிழை விட்டு, மிச்சம் அத்தனையும் எடுத்துவிடுவாள். டாக்டர் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று, தான் மூச்சு விட்டால் குழாய் ஆடிவிடும் என்பதுபோல் மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்பார். முடிந்ததும் இருவரும் ஒன்றாக மூச்சு விடுவார்கள். அந்தக் கை மேல் அவருக்கு அவ்வளவு பெருமை.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் காலையில் பரிசோதனையைத் தொடங்கினோம். மூன்று வகைத் தட்டு. மருந்தே இல்லாத வெறும் தட்டு, பழைய மருந்து போட்ட தட்டு, எங்கள் மருந்து போட்ட தட்டு. இரண்டு நாள் இன்குபேட்டரில் இருக்க வேண்டும். அதாவது விஜயதசமி காலையில் எடுத்து உடைக்க வேண்டும்.

பூஜை என்றால் நம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லாரி முதல் ஸ்டேப்ளர் வரை எல்லாவற்றுக்கும் பொட்டு. வேதக்கார வீட்டுப் பெண்ணாக இருந்தாலும் பொரி பாக்கெட் வாங்க வரிசையில் முதல் ஆள் நான்தான். தேவசகாயம் சார் மட்டும் அன்றைக்குத் தன் அறையை விட்டு வெளியே வர மாட்டார். பூஜையில் கலந்துகொள்ள அவருக்கு மனசு இடம் கொடுக்காது, குறுக்கே நின்று யார் மனசையும் நோகடிக்கவும் கூடாது. அதனால் ஒரு கட்டு காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு பயங்கர வேலை இருப்பது மாதிரி உட்கார்ந்திருப்பார். பூஜை முடிந்து, பூசணிக்காய் உடைத்து, எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பினோம். மறுநாள் நான் லீவு. இசக்கி முதல் பஸ்ஸில் தனியாக வந்து தட்டுகளை எடுத்து வேலையை முடித்தாள்.

அடுத்த வாரம் ரிசல்ட் வந்தது. பிரிவதற்கு உதவுகிற ஜீன்கள் சிலவற்றைத்தான் முதலில் அளந்தோம். மருந்து போட்ட தட்டுகளில் அவை அடங்கியிருந்தன. சரி. வெறும் தட்டிலும் அடங்கியிருந்தன! மருந்தே போடாத புள்ளைங்க மருந்து குடித்த மாதிரி படுத்திருந்தால் என்ன அர்த்தம்? வெறும் தட்டுக்கும் யாரோ மருந்து போட்டிருக்கிறார்கள் என்றுதானே தோன்றும். மருந்து போட்டது இசக்கி.

டாக்டர் அவளைக் கூப்பிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

"நான் மாத்திப் போடல சார். பச்சை லேபிள் வெறும் தட்டுன்னு எனக்குத் தெரியாதா? அன்னைக்கு காலைல எடுக்கும்போது மீடியா கலரு ஒரு மாதிரி ரோஸா இருந்துச்சு. உங்களுக்கு போன்ல சொன்னம்லா சார்? நீங்க பரவால்லன்னீங்க."

"அப்படியா" என்றார் டாக்டர்.

கதவு சாத்தியாகிவிட்டது. அன்று மாலை மெயில் போனது. இங்கிலீஷில். வெறும் தட்டும் மருந்துத் தட்டும் கலந்துவிட்டன, இசக்கியம்மாளின் கவனக்குறைவு, கான்ட்ராக்டைப் புதுப்பிப்பது பற்றி யோசிக்க வேண்டும் என்று. பிராஜெக்டில் இருந்த எல்லோருக்கும், எச்.ஆருக்கும், ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்கும், வாடிக்கையாளரின் சென்னை ஆபீசுக்கும். என் போனிலும் வந்து விழுந்தது.

இசக்கி கேன்டீனில் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாடி, சாப்பிடு."

"எக்கா, வேல போனா போவுதுக்கா. ஏஜென்சிக்கும் போட்டுட்டாவள்ளா? அவங்கதான இந்தப் பக்கம் எல்லா லேபுக்கும் ஆள் அனுப்புதாங்க? கை சரியில்லாதவன்னு ஒருதடவ பேரு விழுந்துட்டுன்னா பொறவு எவன் கூப்பிடுவான்? எங்கப்பா ரெடியா இருக்காங்க. மாப்பிள்ள வீட்டுல தேதி கேக்குதாங்களாம்."

நேராக டாக்டர் அறைக்குப் போனேன். "சார், அந்தக் கையா சார் மாத்திப் போடும்? நீங்களே பின்னாடி நின்னு பார்த்தவருதான?" என்றேன். "Jacintha, please" என்றார். மூன்றாவது படி. ஆனாலும் நான் குளிர் அறைக்குப் போகவில்லை. "மிச்சம் இருக்குற ஆர்.என்.ஏ.வ முழுசா படிக்க அனுப்புங்க சார். தப்பு அவளதுன்னா அதுலயும் தெரியட்டும்" என்றேன். வாடிக்கையாளரும் விளக்கம் கேட்டுக் குடைந்துகொண்டிருந்ததால் அனுப்பினார். பெங்களூருக்கு. அங்கே எல்லா ஜீனையும் ஒன்று விடாமல் படிக்கிற பெரிய இயந்திரம் இருக்கிறது. வர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை இசக்கிக்குத் தட்டைத் தொட அனுமதி இல்லை, பாட்டில் கழுவுகிற வேலை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பாட்டிலைத் தேய்த்துத் தேய்த்து வைத்தாள். அவ்வளவு சுத்தமான பாட்டிலை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

பெங்களூர் ரிசல்ட் வந்த அன்று டாக்டர் காலையிலிருந்து கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருக்கவில்லை. மதியம் என்னைக் கூப்பிட்டார்.

"ஜெசிந்தாம்மா, இங்க வாங்க. மருந்து பட்டா மட்டும் எழும்புற ஜீன் எல்லாம் மருந்துத் தட்டுலதான் எழும்பியிருக்கு. வெறும் தட்டுல இல்ல. அதுல சொட்டு மருந்துகூடப் படல."

"நான்தான் சொன்னேனே சார்! அப்ப அது ஏன் படுத்துக்கிச்சு?"

அவர் திரையில் ஒரு வரியை விரலால் தொட்டார். "இது குளிர் பட்டா மட்டும் கத்துற ஜீன். மூணு வகைத் தட்டுலயும் கத்தியிருக்கு." என்னைத் திரும்பிப் பார்த்தார். "அம்மா, நம்ம புள்ளைங்களுக்குக் குளிரடிச்சிருக்கு."

"குளிரா? வல்லத்துலயா? மே மாசத்துக்கும் டிசம்பருக்கும் நமக்கே வித்தியாசம் தெரியலயே சார்!"

"நமக்கு வேர்க்குற சூடு அவங்களுக்குக் குளிர்தான்மா. அவங்களுக்கு உடம்புச் சூடு வேணும். சாதாரண ரூம் சூட்டுல ஒரு ராத்திரி கிடந்தாலே நடுங்கிப்போய்ப் பிரியறத நிறுத்திடுவாங்க. கூடவே பெட்டியில காத்தும் மாறியிருக்கும், மீடியா ரோஸாகியிருக்கும்." சொல்லிவிட்டு அவரே நிறுத்தினார். ரோஸ் என்ற வார்த்தை அவர் வாயிலேயே மாட்டிக்கொண்டது.

இரண்டு பேரும் இன்குபேட்டருக்கு ஓடினோம். சுவரில் இருந்த சுவிட்ச் மேல் "தொடாதே" என்று சிவப்பு டேப் ஒட்டியிருப்போம். டேப் இருந்தது. ஆனால் புது டேப். பெட்டியின் கதவு ஓரத்தில், துடைத்தும் போகாமல், சந்தனம் காய்ந்து கிடந்தது.

முருகேசனைக் கூப்பிட்டேன். எலக்ட்ரீஷியன். வல்லத்துக்காரர். மாத்திரை போடுகிற பிரிவில் இருபது வருஷம் இருந்துவிட்டு அந்த வருஷம்தான் எங்கள் பிரிவுக்கு மாறி வந்திருந்தார். சிரித்துக்கொண்டே வந்தார்.

"முருகேசா, ஆயுத பூஜ அன்னிக்கு இந்தப் பொட்டிய இன்னா பண்ண?"

"இன்னாக்கா இப்டி கேக்குற? ஜம்முனு பண்ணேன். தொடச்சி, சந்தனம் குங்குமம் வச்சி, மத்த மிசினுக்கெல்லாம் ஒரு மாலைன்னா இதுக்கு மட்டும் ரெண்டு. புள்ளைங்க கீற பொட்டின்னு நீதான சொல்லிக்கினு இருப்ப?"

"ஆஃப் பண்ணியா?"

"பின்ன? ஓடுற மிசினுக்கு எங்கனா பூஜ போடுவாங்களா? ஆயுதத்துக்கு ரெஸ்ட்டு குடுக்கறதுக்குத்தான பூஜயே. விடியக்காலைல, மொத பஸ்ஸு வர்றதுக்கு முன்னாடியே மறுபூஜ முடிச்சி கற்பூரம் காட்டி நானே ஆன் பண்ணிட்டேன். டேப்பு கிழிஞ்சிடுச்சி, புதுசா ஒட்டிட்டேன்."

"யாரக் கேட்டு ஆஃப் பண்ண?" நான் கத்திவிட்டேன்.

முருகேசன் திகைத்துப்போய் டாக்டரைப் பார்த்தார். "சாரக் கேட்டுத்தான்க்கா. பூஜ பண்றதுக்கு முன்னாடி ரூமுக்குப் போயி, சார், எல்லா மிசினும் ஆஃப் பண்ணிடட்டா, வழக்கப்படி பண்ணிடட்டான்னு கேட்டேன். உங்க முறைப்படி எல்லாம் குறையில்லாம பண்ணிடுங்கன்னு சார்தான் சொன்னாரு. இன்னா சார், சொன்னீங்கல்ல?"

டாக்டர் அன்றைக்குத் தலைநிமிராமல், காகிதத்தைப் பார்த்தபடியே சொல்லியிருப்பார். யார் மனசும் நோகக் கூடாது என்று. எந்த மிஷின் என்று கேட்கக்கூட அவருக்குத் தோன்றியிருக்காது. எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு முட்டியது, ஒரு பக்கம் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு மரியாதை தெரிந்த மனுஷர் அந்தப் பெண் சொன்னதைக் காதில் வாங்கவில்லையே!

"சொன்னேன் முருகேசன்" என்றார் டாக்டர். "உங்க மேல தப்பு இல்ல. போங்க."

அவர் போனதும் டாக்டர் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "மெயின்டனன்ஸ்ல பவர் போச்சுன்னு போட்டாலும் இசக்கி பேர் கிளியர் ஆயிடும், இல்லம்மா?" என்றார்.

"ஆயிடும் சார். முருகேசனுக்கு மெமோ வரும். உங்களுக்கு ஒண்ணும் வராது."

அவர் வாட்ச் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். அவிழவில்லை, அப்படியே பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலையில் இசக்கியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். என்னையும் வரச் சொன்னார். கதவைச் சாத்தினார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார், முருகேசன் கேட்டது, தான் தலைநிமிராமல் சொன்னது எல்லாம். நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்.

"தப்பு என்னோடதும்மா. நீ கலரப் பத்திச் சொன்னப்ப நான் கேட்டிருக்கணும். என்னை மன்னிச்சிடு. திரும்ப நீயே தட்டு போடு. உன் கையாலதான் வேணும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு "பரவால்ல சார்" என்பாள், நானும் மூக்கைச் சிந்துவேன், போய் டீ குடிப்போம் என்று நினைத்தேன். இசக்கி அசையவில்லை. பாட்டில் கழுவிக் கழுவித் தோல் வெளுத்திருந்த கையை முந்தானையில் துடைத்தாள்.

"சார், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளும்மா."

"திட்டுனது எல்லாருக்கும் போச்சு. மன்னிப்பு மட்டும் எனக்குத் தனியா வருது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷம் வாயாடி என்று பெயர் எடுத்த எனக்கே அது தோன்றவில்லை.

டாக்டர், "எச்.ஆர்.கிட்ட நான் நேர்ல பேசறேன்" என்றார்.

"நேர்ல பேசுனா அவங்க ஒருத்தருக்குத்தான் சார் தெரியும். ஏஜென்சில என் பேரு அப்படியேதான் கெடக்கும். அன்னைக்கு யாருக்கெல்லாம் போட்டியளோ, அவங்க அத்தன பேருக்கும் போடுங்க. அந்த மெயிலுக்கே ரிப்ளை ஆல். பொறவு நான் தட்டு போடுதேன்."

"வாடிக்கையாளருக்குமாம்மா?" அவர் குரல் இறங்கிவிட்டது. அவருக்கும் ஓய்வுக்கு அதிக காலம் இல்லை. புற்றுநோய் மருந்தில் இத்தனை வருஷம் உழைத்தவர் பொரி கடலை விவகாரத்தில் தன் கையெழுத்தைப் போட்டு வெளிநாட்டுக்காரனுக்கு அனுப்ப வேண்டும்.

"அவங்களுக்கும் அன்னைக்கு போச்சுல்லா சார்."

டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார், பிறகு ஜன்னலைப் பார்த்தார். உட்கார்ந்தார். அந்தப் பழைய மெயிலைத் திறந்தார். ஒற்றை விரலால்தான் அடிப்பார். ஒவ்வொரு வரியாக அடித்து, வாய்விட்டுப் படித்தார், இசக்கிக்குக் கேட்கும்படி. வெறும் தட்டில் மருந்து கலக்கவில்லை. இன்குபேட்டரை அணைக்கச் சொன்னது நான். மீடியாவின் நிறம் மாறியிருந்ததை இசக்கியம்மாள் அன்றே சொன்னார், நான் கேட்கவில்லை. என் முந்தைய மெயில் தவறு. கான்ட்ராக்டைப் புதுப்பிப்பதற்குப் பதிலாக அவரை நிரந்தரமாக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கடைசி வரியை அவளும் எதிர்பார்க்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. அவர் அதைப் படித்துவிட்டு எங்களைப் பார்க்காமலே அனுப்புகிற பட்டனை அமுக்கிவிட்டார். என் போன் அடித்தது. கதவுக்கு வெளியே ஹாலில் வரிசையாகப் பல போன்கள் அடித்தன.

ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, மேசை போன் ஒலித்தது. எச்.ஆரில் இருந்த பெண். டாக்டர் ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், இப்ப ஒரு மெயில் வந்திருக்கு உங்ககிட்டயிருந்து. அவசரத்துல பேரு மாறி விழுந்திருக்கு போல சார். இசக்கியம்மாள்னு வர வேண்டிய எடத்துல எல்லாம் உங்க பேரு இருக்கு."

"போன மெயில்லதாம்மா மாறி விழுந்துச்சு" என்றார் தேவசகாயம் சார். "இதுல சரியா இருக்கு."